பிரெஞ்சு மொழியின் நிபந்தனை வினையும் மரியாதையும்

(மந்தைவெளியில் நடைபெற்ற வெள்ளி விழாவின் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

இளைஞர்க்குப் பயன்படும் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். நாம் எடுத்துக்கொண்டது பிரெஞ்சு இலக்கணத்தின் ஒரு சிறு பகுதி. மந்தைவெளியில் பிரெஞ்சு இலக்கணம் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் இரண்டு உண்டு.

முதலாவது, நம் பிள்ளைகளின் அச்சம். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழே பயின்று, கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் நம் பிள்ளை, முதற்பகுதி மொழிப்பாடமாகப் பிரெஞ்சும் எடுக்கலாம் என்ற அறிவிப்பைக் காண்கிறான். “அது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பாடம்” என்று ஒதுங்கிவிடுகிறான். தமிழை விட்டுவிடுங்கள் என்று நாம் ஒருபோதும் சொல்லோம். தமிழோடு இன்னொரு மொழியையும் கற்கலாம் என்பதே நம் கருத்து. அம்மொழியில் கடினமானது என்று பலரும் அஞ்சும் ஒரு பகுதியை இங்கேயே கற்றுக்காட்டினால் அச்சம் நீங்கும். இரண்டாவது காரணம், இவ்வினை மரியாதையைப் பற்றி நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

நன்னூல் பயின்ற நமக்குப் பகுதி, விகுதி என்பவை புதியன அல்ல. நிகழ்கால நிபந்தனை வினையும் அவ்விரண்டால் ஆயதே. எதிர்கால வினையின் பகுதியை எடுத்துக்கொண்டு, அதனோடு தொடர் இறந்தகாலத்தின் விகுதியைச் சேர்க்க வேண்டும். அவ்வளவே விதி. ‘பேசு’ என்னும் பொருளுடைய ‘பார்லே’ என்ற வினையைக் கொள்வோம். நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் அது இவ்வாறு ஒலிக்கும்: ஜெ பார்லெரே, த்யூ பார்லெரே, ஈல் பார்லெரே, நூ பார்லெரியோன், வூ பார்லெரியே, ஈல் பார்லெரே. ஆறு இடங்களுள் நான்கிற்கு ஒலி ஒன்றே என்பதைக் கவனியுங்கள். எழுத்தில் அந்நான்கும் மூன்று வடிவம் பெறும். ஆகவே காதால் கேட்டுக் கற்பது எளிது. எழுதும்போதுதான் விழிப்பு வேண்டும்.

விகுதி எந்த வினைக்கும் மாறாது. பகுதி மட்டும் சில வினைகளில் திரியும். ‘இரு’ என்பதற்குச் ‘செரே’, ‘உடைமை கொள்’ என்பதற்கு ‘ஓரே’, ‘போ’ என்பதற்கு ‘இரே’, ‘செய்’ என்பதற்கு ‘ஃபெரே’, ‘இயலும்’ என்பதற்குப் ‘பூரே’, ‘விரும்பு’ என்பதற்கு ‘வூத்ரே’, ‘கடமைப்படு’ என்பதற்குத் ‘தெவ்ரே’. இவ்வேழினையும் வாய்ப்பாடு போல் மனப்பாடம் செய்தால் அன்றாடப் பேச்சின் பெரும்பகுதி கைவந்துவிடும்.

இனிப் பயன்பாட்டிற்கு வருவோம். தமிழில் “உழைத்தால் வெல்வேன்” என்கிறோம். சொல்பவன் உண்மையில் உழைக்கப் போகிறானா, அன்றி வெறுங்கனவு காண்கிறானா என்பதை அவ்வாக்கியம் காட்டாது, குறிப்பால் உணரவேண்டும். பிரெஞ்சு மொழி அவ்வாறு விடுவதில்லை. நடக்கக்கூடியது என்று கருதினால், ‘ஆல்’ என்னும் பொருள் தரும் ‘சி’ என்ற சொல்லை அடுத்து நிகழ்காலமும், மறுபாதியில் எதிர்காலமும் வரும்: “சி ஜெ த்ராவாய், ஜெ ரேயுசிரே.” வெறுங்கற்பனையானால், ‘சி’யை அடுத்துத் தொடர் இறந்தகாலமும், மறுபாதியில் நிபந்தனை வினையும் வரும்: “சி ஜெ த்ராவாயே, ஜெ ரேயுசிரே.” இறுதிச் சொல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும், எழுத்தில் வேறுபடும். ‘சி’யை அடுத்த வினையே வேறுபாட்டைச் செவிக்குக் காட்டுகிறது.

இங்கே மாணவர் பெரும்பாலும் வழுக்கி விழுவர். ‘சி’ இருக்கும் பாதியிலும் நிபந்தனை வினையை வைத்துவிடுவர். அது பிழை. ‘சி’க்கு ‘ரே’யைப் பிடிக்காது என்று பிரான்சு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கே ஒரு நினைவு வாசகம் கற்பிக்கப்படுகிறது. அங்குப் பிறந்த பிள்ளையும் தடுமாறும் இடம் இது என்பது இதனால் விளங்கும். நம் பிள்ளை தடுமாறினால் அது குலத்தின் குறையன்று, பாடத்தின் இயல்பு.

வேறு இரு பயன்களும் உள. “வருவதாகச் சொன்னான்” என்று முன்னர் நிகழ்ந்த பேச்சில் பின்னர் நிகழவிருந்ததைக் கூறவும் இவ்வினையே வரும். செய்தித்தாள்கள், உறுதிப்படாத செய்தியைக் கூறவும் இதனையே ஆளும். “அமைச்சர் பதவி விலகுவாராம்” என்று நாம் ‘ஆம்’ சேர்த்துச் சொல்வதற்கு நிகரானது அது. கேள்விப்பட்டதைக் கண்டது போல் கூறாத நேர்மை நம் மொழிக்கும் உண்டு, அம்மொழிக்கும் உண்டு.

இனி மரியாதைக்கு வருவோம். “எனக்கு நீர் வேண்டும்” என்பதற்குப் பிரெஞ்சில் நிகழ்கால வினையைப் பயன்படுத்தினால் அதட்டல் போல் இருக்கும். ஆகவே ‘ஜெ வூத்ரே’ என்பர். ஒருவரிடம் உதவி கேட்கும்போது, ‘உங்களால் இயலுமா’ என்ற கருத்தில் ‘பூரியே-வூ’ என்பர். அறிவுரை கூறும்போது ‘வூ தெவ்ரியே’ என்பர். விண்ணப்பக் கடிதத்தில் ‘நன்றியுடையேன் ஆவேன்’ என்பதையும் இவ்வினையாலேயே எழுதுவர். அமைச்சரும் ‘ஜெ வூத்ரே’ என்பார். தெருக் கூட்டும் தொழிலாளியும் ‘ஜெ வூத்ரே’ என்பார். இங்கே பணிவது வினை, மனிதன் பணிவதில்லை.

இதனை நம் முன்னோர் பட்ட பாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊர்த் தெருவில் அவர்கள் ஒன்று கேட்கவேண்டுமானால், தோளில் கிடந்த துண்டு இடுப்பிற்கு இறங்கவேண்டும். ‘சாமி’ என்றும் ‘எசமான்’ என்றும் விளிக்கவேண்டும். எதிரில் நிற்பவன் பத்து வயதுச் சிறுவனாயினும், நரைத்த தலையுடைய நம் பாட்டனாரை அவன் ‘வாடா, போடா’ என்பான். அங்கே வினை பணியவில்லை, மனிதன் வளைக்கப்பட்டான். ஒருபக்கமாக மட்டும் செல்லும் பணிவுக்கு மரியாதை என்ற பெயர் தகாது.

பிரெஞ்சுமொழி நமக்கு முற்றும் அயலானதன்று என்பதையும் சொல்லவேண்டும். புதுச்சேரியில் 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாளைய ஆணையின்படி, தம் சாதி சமய வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க விரும்புவோர், குடும்பப் பெயர் ஒன்றைச் சூடி அவ்வாறே செய்யலாம் என்றாயிற்று. அவ்வாறு துறந்தோருள் ஒடுக்கப்பட்ட குடிகளைச் சேர்ந்தோர் பலர். படைவீரராகவும் சிற்றலுவலராகவும் அவர்கள் இந்தோசீனம் வரை சென்றனர். 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பிக் கொண்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர்.

இதனால் அம்மொழி தானே சமத்துவம் தந்துவிடும் என்று கருதவேண்டா. பிரெஞ்சில் ‘நீ’ என்பதற்குத் ‘த்யூ’ என்றும், ‘நீங்கள்’ என்பதற்கு ‘வூ’ என்றும் இரு சொற்கள் உண்டு. 1960ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் காங்கோ விடுதலை பெற்றபோது, அதன் முதற் பிரதமர் பத்ரீசு லுமும்பா பெல்சிய மன்னர் முன்னிலையிலேயே ஒரு குறையை எடுத்துரைத்தார். கறுப்பின மக்களைத் ‘த்யூ’ என அழைத்தது நட்பினால் அன்று என்றும், ‘வூ’ என்பது வெள்ளையர்க்கே ஒதுக்கப்பட்டிருந்தது என்றும் அவர் கூறினார். ‘டா’ போட்டு அழைக்கப்பட்ட நமக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. மரியாதைச் சொல் இலக்கண நூலில் இருந்தால் போதாது. அஃது எல்லார்க்கும் பொதுவாக வழங்கவேண்டும். அதற்கு அச்சொல்லை அறிந்தவர்கள் நம்மிடையே பெருகவேண்டும்.

இளைஞர்களே! 1953ஆம் ஆண்டு தொடங்கிய சென்னை அலியான்சு பிரான்சேசு நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது, மந்தைவெளியிலிருந்து நெடுந்தொலைவன்று. ‘டெல்ஃப்’ என்னும் தேர்வு நான்கு படிகளாக நடைபெறுகிறது. மரியாதைக்குரிய நிபந்தனை வினை தொடக்கப் படிகளிலும், கற்பனை நிபந்தனை மூன்றாம் படியிலும் தேவைப்படும். கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகளுக்கு நம் சங்கத்தின் மாலைநேரப் படிப்பகத்தில் வாரம் இருநாள் பிரெஞ்சு வகுப்புத் தொடங்கலாம் என்பது நம் வேண்டுகோள். கல்லூரியில் அம்மொழி பயின்ற நம் பெண்களும் ஆண்களும் ஆசிரியராக முன்வரவேண்டும்.

இறுதியாக ஒன்று. “அன்று பள்ளி இருந்திருந்தால் நாங்களும் படித்திருப்போம்” என்று நம் தாய்மார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கடந்துபோனதைக் கூறும் நிபந்தனை அது. அவர்கள் பட்ட இழப்பின் இலக்கணம் அது. உங்களுக்கு அவ்வடிவம் வேண்டா. கடையிலும் அலுவலகத்திலும் ‘ஜெ வூத்ரே’ என்று தலைநிமிர்ந்து மரியாதையோடு கேளுங்கள். உங்கள் படிப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும், ‘சி’க்குப் பின் நிகழ்காலத்தையும் மறுபாதியில் எதிர்காலத்தையும் வையுங்கள். படித்தால் தேறுவோம் என்பது நமக்குக் கனவு வாக்கியம் ஆகக்கூடாது.