ஒரு நாள் வெற்றியும் ஓராண்டு வெற்றியும்



தோட்டப்புறத்தில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. வேலைக்குப் போவதும் அதில்தான். பட்டணத்தில் சாமான் வாங்கி வருவதும் அதில்தான். காய்ச்சல் கண்ட பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு போவதும் அதில்தான். அதே வண்டியில், மாலை வேளையில், நம் இளைஞர்கள் வேகம் பழகுகிறார்கள். திட்டினால் அடங்கிவிடுவார்கள் என்று நாம் எண்ணுகிறோம். வீட்டு வாசலில் அடங்குகிறார்கள். பெரிய சாலைக்குப் போனதும் மறந்துவிடுகிறார்கள். ஆகவே இன்று திட்டுவதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வேகத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்ப்போம். நாம் எடுத்துக்கொள்ளும் பாடம், 2016-ஆம் ஆண்டில் நடந்த இலகு ரக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி பந்தயங்கள்.

உலக வாகையர் பந்தயத்தில் மூன்று பிரிவுகள் உண்டு. பெரிய வண்டிகளுக்கு மோட்டோஜிபி, நடுத்தர வண்டிகளுக்கு மோட்டோ 2, சிறிய வண்டிகளுக்கு மோட்டோ 3. முன்பு சிறிய பிரிவில் 125 சிசி வண்டிகள் ஓடின. 2012 முதல் அவற்றின் இடத்தில் 250 சிசி, ஒற்றை சிலிண்டர், நான்கு வீச்சு இயந்திரம் கொண்ட வண்டிகள் ஓடுகின்றன. சிறியவை என்று எளிதாக எண்ணிவிட வேண்டாம். நேர்ப்பாதையில் மணிக்கு 200 கிலோமீட்டரை எளிதில் தாண்டக்கூடியவை.

இந்தப் பிரிவின் தனித்தன்மை ஒன்று உண்டு. இங்கே வண்டிக்கு வண்டி பெரிய வித்தியாசம் இல்லை. எல்லாருக்கும் ஒரே நிறுவனத்தின் டயர். ஓட்டுநரையும் வண்டியையும் சேர்த்து நிறுத்துப் பார்த்தே குறைந்த அளவு எடையை விதித்திருக்கிறார்கள். ஒல்லியான பையனுக்கு அதனால் தனிச் சலுகை கிடையாது. இயந்திர சக்தி குறைவு என்பதால், வளைவில் இழந்த வேகத்தை நேர்ப்பாதையில் முறுக்கி மீட்டுவிட முடியாது. எங்கே பிரேக் பிடிப்பது, எவ்வளவு சாய்வது, எப்போது மீண்டும் முறுக்குவது என்ற மூன்றில்தான் வெற்றி இருக்கிறது.

காற்றும் இங்கே ஓர் ஆட்டக்காரன். முன்னே போகிறவன் காற்றைக் கிழித்துப் போகிறான். அவன் பின்னால் ஒட்டி வருகிறவனுக்குக் காற்றின் தடை குறைகிறது. அதே இயந்திரம் கூடுதல் வேகம் தருகிறது. அதனால் பத்துப் பதினைந்து வண்டிகள் ஒரே கூட்டமாக ஓடும். கடைசிச் சுற்று வரையில் யார் வெல்வார் என்று சொல்ல முடியாது. ஒரு விநாடியைப் பல கூறுகளாக வகுத்துத்தான் வெற்றி தோல்வியைச் சொல்வார்கள்.

2016-ஆம் ஆண்டுப் பருவம் மார்ச் 20-ஆம் நாள் கத்தாரில் தொடங்கி, நவம்பர் 13-ஆம் நாள் ஸ்பெயினின் வலென்சியாவில் முடிந்தது. மொத்தம் 18 பந்தயங்கள். ஒவ்வொன்றிலும் முதலிடத்துக்கு 25 புள்ளிகள், இரண்டாமிடத்துக்கு 20, மூன்றாமிடத்துக்கு 16 என்று இறங்கி, பதினைந்தாம் இடத்துக்கு 1 புள்ளி. ஆண்டு முடிவில் யாரிடம் அதிகப் புள்ளிகளோ அவரே உலக வாகையர். அந்த ஆண்டில் ஒன்பது பேர் பந்தயங்களை வென்றார்கள். அவர்களில் இருவரைப் பற்றி இன்று பேசுவோம்.

முதலாமவர் நம் நாட்டுப் பிள்ளை. பேராக் மாநிலத்தின் கம்போங் காஜாவைச் சேர்ந்த கைருல் இட்ஹாம் பவி. அப்போது அவருக்கு வயது 17. உலகப் பந்தயத்தில் முழுப் பருவம் ஓட்ட வந்த முதல் ஆண்டு அது. ஏப்ரல் 3-ஆம் நாள், பருவத்தின் இரண்டாவது பந்தயம், அர்ஜென்டினாவில் நடந்தது. ஓடுபாதை ஓரிடம் ஈரமாகவும் ஓரிடம் உலர்ந்தும் கிடந்தது. அனுபவசாலிகளே தயங்கித் தயங்கிப் போன பாதையில் கைருல் முன்னேறி, தனியாகப் பிரிந்து, 26 விநாடி வித்தியாசத்தில் வென்றார். ஒரு விநாடியைக் கூறு போட்டு முடிவு சொல்லும் பிரிவில் 26 விநாடி! கிராண்ட் பிரி பந்தயமொன்றை வென்ற முதல் மலேசியர் அவர். அதற்கு முன் 2012-இல் செப்பாங்கில் சுல்ஃபாமி கைருடின் இரண்டாம் இடம் பெற்றிருந்தார். முதலிடம் என்ற படியில் ஏறியவர் கைருல்தான்.

அதே ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் ஜெர்மனியின் சாக்சன்ரிங்கில் மழை. கைருல் இருபதாம் இடத்திலிருந்து புறப்பட்டு அங்கும் வென்றார். மழையில் ஓட்டுவது முரட்டுத்தனத்தால் ஆவதில்லை. ஈரத் தரையில் டயரின் பிடிப்புக் குறைவு. முறுக்குவதும் பிரேக் பிடிப்பதும் சாய்வதும் எல்லாமே மெதுவாக, வழுவழுப்பாக நடக்க வேண்டும். திடீரென்று எதைச் செய்தாலும் வண்டி வழுக்கும். அவருடைய கையின் மென்மைதான் அன்று அவரை வேகமாக்கியது.

இரண்டாமவர் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த பிராட் பிண்டர். 2012 முதல் முழுப் பருவம் ஓட்டி வந்தவர். நான்கு ஆண்டுகள் ஓடியும் ஒரு வெற்றி கூடக் கிடைக்கவில்லை. ஐந்தாம் ஆண்டான 2016-இல், கத்தாரில் இரண்டாம் இடம். கைருல் வென்ற அர்ஜென்டினாவில் மூன்றாம் இடம். அமெரிக்காவின் ஆஸ்டினில் மீண்டும் மூன்றாம் இடம்.

நான்காவது பந்தயம் ஏப்ரல் 24-ஆம் நாள் ஸ்பெயினின் ஹெரஸில். பிண்டரின் வண்டியில் இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு விதிக்கு ஒவ்வாதது என்று அதிகாரிகள் கண்டார்கள். தகுதிச் சுற்றில் அவர் எடுத்த நேரம் செல்லாது. கடைசி இடத்திலிருந்து புறப்பட வேண்டும் என்று தீர்ப்பு. அது 35-ஆம் இடம். நம்மில் பலர் அந்த இடத்தில் மனம் உடைந்திருப்போம். அல்லது ஆத்திரத்தில் முதல் வளைவிலேயே விழுந்திருப்போம். பிண்டர் ஒவ்வொருவராகத் தாண்டினார். முடிவில் மூன்று விநாடிக்கு மேல் முந்தி வென்றார். நான்கு ஆண்டுகளாகக் கிட்டாத முதல் வெற்றி, கடைசி இடத்திலிருந்து புறப்பட்ட நாளில் கிட்டியது. அடுத்து பிரான்சிலும் இத்தாலியிலும் வென்றார்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிண்டரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏழு வெற்றிகள், ஏழு இருபத்தைந்து 175. ஐந்து முறை இரண்டாம் இடம்; ஐந்து இருபது 100. இரண்டு முறை மூன்றாம் இடம். இரண்டு பதினாறு 32. நெதர்லாந்தின் அசெனில் பன்னிரண்டாம் இடம், 4 புள்ளிகள். கைருல் வென்ற ஜெர்மனி மழையில் எட்டாம் இடம், 8 புள்ளிகள். செக் நாட்டின் பர்னோவிலும் நம் செப்பாங்கிலும் பந்தயத்தை முடிக்க முடியவில்லை, இரண்டும் சுழியம். கூட்டினால் 319.

அந்த ஆண்டில் இரண்டாமிடம் பெற்ற இத்தாலியர் எனியா பாஸ்டியானினி. அவர் வென்றது ஒரே ஒரு பந்தயம். ஆனால் அவருடைய மொத்தப் புள்ளிகள் 177. இப்போது பிண்டரின் ஏழு வெற்றிகளை மட்டும் பாருங்கள்: 175. ஏழு முறை வென்றும், மற்ற நாட்களில் ஒன்றும் சேர்க்காமல் இருந்திருந்தால், ஒரே பந்தயம் வென்றவருக்குப் பின்னால் நின்றிருப்பார்! அவரை வாகையராக்கியவை வெல்லாத நாட்களில் சேர்த்த 144 புள்ளிகள். செப்டம்பர் 25-ஆம் நாள் ஸ்பெயினின் அரகோனில் இரண்டாவதாக வந்தபோது, இன்னும் நான்கு பந்தயங்கள் மீதமிருக்கையிலேயே பட்டம் அவருக்கு உறுதியாகிவிட்டது. 1980-இல் 350 சிசி பிரிவில் ஜான் எக்கரோல்ட் வென்ற பிறகு, தென்னாப்பிரிக்கருக்குக் கிடைத்த முதல் சாலைப் பந்தய உலகப் பட்டம் அது.

கைருலின் வெற்றியைக் குறைத்துச் சொல்ல நாம் இதைக் கூறவில்லை. அவர் செய்ததை அதற்கு முன் எந்த மலேசியரும் செய்ததில்லை. அது ஒரு நாள் வெற்றி. பிண்டருடையது ஓராண்டு வெற்றி. ஒரு நாள் வெற்றிக்குத் திறமையும் துணிவும் போதும். ஓராண்டு வெற்றிக்கு, நல்ல நாளில் இருபத்தைந்தையும் கெட்ட நாளில் நான்கையும் ஒரே பொறுமையோடு சேர்க்கும் மனம் வேண்டும். கைருல் பின்னர் மோட்டோ 2 பிரிவுக்கு உயர்ந்தார். 2019-இல் ஹெரஸில் விழுந்து கைவிரலில் பலத்த காயம் பட்டார். பிண்டர் 2016-இல் விழுந்த அதே பர்னோவில், 2020-ஆம் ஆண்டில், மோட்டோஜிபி பிரிவில் தம் முதல் வெற்றியைப் பெற்றார். மலையேறுபவன் எல்லாப் படியிலும் கால் வைத்தே ஏற வேண்டும்.

நேயர்களே, இனி நம் சாலைக்கு வருவோம்.

பந்தயப் பாதையில் எதிரே வண்டி வராது. வளைவின் வெளிப்புறத்தில் அகலமான கற்படுகை உண்டு. விழுந்தவர் சறுக்கிப்போய் நிற்க இடம் உண்டு. கழுத்து முதல் கால் வரை தோல் உடை, கையுறை, முதுகுக் காப்பு. திருப்பத்துக்குத் திருப்பம் கொடி காட்டுபவர்கள். விழுந்த சில நிமிடங்களில் மருத்துவர். இத்தனை இருந்தும் உயிர் போவதுண்டு. இதே 2016-இல், ஜூன் 3-ஆம் நாள், பார்சலோனா அருகே கட்டலூனியா பாதையில் மோட்டோ 2 பயிற்சியின்போது லூயிஸ் சலோம் என்ற ஸ்பெயின் வீரர் விழுந்து இறந்தார். வயது 24. 2012-இல் மோட்டோ 3 பிரிவில் இரண்டாம் இடம் பெற்ற திறமைசாலி. எஞ்சிய பந்தயங்களுக்கு அந்தப் பாதையின் அமைப்பையே மாற்றினார்கள்.

நம் தோட்டத்துச் சாலையில் என்ன இருக்கிறது? ஒரு பக்கம் சாக்கடை, மறு பக்கம் மரம். மழை பெய்தால் செம்மண் சேறு. செம்பனைக் குலை ஏற்றிய லாரி எந்த முடக்கில் வரும் என்று தெரியாது. விளக்கில்லாத இடத்தில் மாடு படுத்திருக்கும். முன்னால் போகும் லாரியை ஒட்டிப் போனால் காற்றுத் தடை குறையும் என்பது உண்மைதான். பந்தய வீரருக்கு முன்னால் போவது அவரைப் போன்றே தேர்ந்த இன்னொருவர். நமக்கு முன்னால் போவது, எங்கே நிற்கும் என்று நமக்குத் தெரியாத பத்து டன் லாரி. அது பிரேக் பிடித்தால் நமக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. நம் நாட்டில் சாலை விபத்தில் மாண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அந்தக் கணக்கில் ஒவ்வோர் எண்ணும் ஒரு வீட்டுப் பிள்ளை.

பெற்றோர்களே, உங்கள் மகனின் ஆசையைக் கேலி செய்யாதீர்கள். 17 வயதில் உலகை வென்ற பையனும் நம் நாட்டில்தான் பிறந்தான். ஆனால் அவன் வென்றது பொதுச் சாலையில் அல்ல என்பதை எடுத்துச் சொல்லுங்கள். 16 வயது நிறையாமல், உரிமம் எடுக்காமல் சாவியைக் கையில் தராதீர்கள். கடைக்குத்தானே, பக்கத்து லயத்துக்குத்தானே என்று விட்டுவிடாதீர்கள். தலைக்கவசத்தை மாட்டினால் போதாது. வாரைத் தாடையின் கீழ் இறுக்கிப் பூட்ட வேண்டும். வார் பூட்டாத தலைக்கவசம் விழும்போது நமக்கு முன்னால் உருண்டு போய்விடும். தேய்ந்த டயரைச் சம்பளத்துக்குச் சம்பளம் தள்ளிப்போடாதீர்கள். டயரின் பள்ளங்கள்தாம் மழைத் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். பந்தய வீரனுக்கு ஆண்டுக்கு 18 பந்தயங்கள். அவன் விழுந்த இரண்டிலும் அவனுக்குக் கிடைத்தது சுழியம். அடுத்த பந்தயத்தில் மீண்டும் ஏறிச் சேர்த்தான். நம் சாலையில் விழும் ஒரு சுழியத்துக்குப் பிறகு அடுத்த பந்தயம் இல்லாமலே போகலாம். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய் முழுதாக வீடு திரும்புவதும் ஒரு புள்ளிதான். அதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். வாசலில் அம்மா விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாக உறங்கப் போவாள். ஆண்டு முழுவதும் அந்தப் புள்ளியைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.