அட்டையில் ஒரு துளை

பள்ளிப் பிள்ளைகள் தம் கையாலேயே கருவிகள் செய்து விஞ்ஞானம் பயிலவேண்டும் என்னும் நோக்கத்தோடு, நிதி ஆயோக் 2016ஆம் ஆண்டு முதல் அடல் டிங்கரிங் லேப் என்னும் செய்கூடங்களுக்குப் பொருளுதவி அளித்து வருகிறது. நல்ல காரியம்தான். ஆனால், அது நம் பள்ளிக்கு வரும்வரை கைகட்டிக் காத்திருக்கலாமா? பயிலுவதற்கான கருவி தறியிலேயே இருக்கிறது.

ஆரணிப் பட்டு நெய்யும் ஊரிலே, தறியின் தலைமேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியைச் சற்றே அண்ணாந்து பாருங்கள். அதில் கோத்த அட்டையில் துளை இருந்தால் ஊசி நுழையும். கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளை இல்லையேல், இழை கிடந்த இடத்திலேயே கிடக்கும். துளை உண்டு, துளை இல்லை, இவ்விரண்டே கட்டளைகள். இவ்விரண்டினாலேயே முந்தானையில் மயில் தோகை விரிக்கிறது!

பிரான்ஸ் தேசத்து ஜக்கார்டு என்பவர் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர்ச் செம்மைப்படுத்திய இந்த உபாயத்தைக் கண்டே, இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் கற்பனை செய்த கணித யந்திரத்துக்கும் துளையட்டையைத் தேர்ந்தார். இன்றைய கணிப்பொறியும் உண்டு, இல்லை என்னும் அந்த இரண்டு சொற்களிலேதான் பேசுகிறது.

அட்டை வேண்டாத மின்னணு ஜக்கார்டு பெட்டிகள் பெருகிவரும் இந்நாளில், கழித்த அட்டைகள் நெசவாளர் வீட்டுப் பரணில் கிடைக்கக்கூடும். ஆசிரியப் பெருமக்களே, அவற்றில் நான்கை மாதிரிக்குக் கேட்டு வாங்குங்கள். அவற்றோடு வெற்று அட்டை, கட்டத்தாள், நூல், கம்பிக் கொக்கி போதும். பிள்ளைகள் தம் பெயரின் முதலெழுத்தை வரைந்து, தாமே துளையிட்டு, இழையைத் தூக்கிப் பார்க்கட்டும்.