நம் வெயிலைத் தாங்கும் மின்கலம்



ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே போனவர்களுக்கு அந்தக் காற்றின் வேகம் தெரியும். மே முதல் செப்டம்பர் வரையிலான காற்று சீசனில்தான் தமிழ்நாட்டுக் காற்றாலைகள் தம் ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதியைத் தருகின்றன. அதே நாட்களில், தேவை குறைந்த வேளைகளில் மின்தொகுப்பு ஏற்க முடியாமல், நன்றாகச் சுழலும் ஆலைகளை நிறுத்தச் சொல்ல வேண்டியும் வருகிறது. 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் காற்றாலைப் பண்ணை அமைத்த மாநிலம் இது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் காற்று மின்சாரத்தை வீணாக விடுவது எனக்கு வேதனை தருகிறது.

மிஞ்சும் மின்சாரத்தைச் சேமிப்பது நமக்குப் புதிதன்று. ஆனைமலையில் 400 மெகாவாட் திறனுள்ள கடம்பாறை நீரேற்று புனல்மின் நிலையம், மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு நீரை மேலே ஏற்றி, தேவை உச்சத்தைத் தொடும்போது இறக்கிவிடுகிறது. ஆனால் இதற்கு மலையும் இரண்டு நீர்த்தேக்கங்களும் வேண்டும். காற்றாலைகள் நிற்கும் கயத்தாற்றுக்கும் சூரிய மின்பலகைகள் விரிந்த கமுதிக்கும் மின்கலம்தான் வழி.

இன்று எங்கும் பேசப்படும் லித்தியம் அயனி மின்கலம் 1991இல் சந்தைக்கு வந்தது, கையில் தூக்கிச் செல்லும் கருவிகளுக்காக. எடையைக் குறைப்பதே அதன் முதல் அக்கறை. தரையில் கொட்டகை போட்டு நிறுத்தும் மின்கலத்துக்கு எடை ஒரு பொருட்டே அல்ல. விலையும் ஆயுளும்தான் முக்கியம். அதனால்தான், எடை கூடினாலும் மலிவான மூலப்பொருளில் உருவாகும் சோடியம் அயனி மின்கலத்தின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். லித்தியம் மின்கலத்தின் எதிர்மின்முனைக்குச் செம்புத் தகடு வேண்டும், ஏனெனில் அலுமினியம் லித்தியத்தோடு கலந்து உலோகக் கலவையாகிவிடும். சோடியத்தோடு அது கலப்பதில்லை. ஆகவே இரு முனைகளுக்கும் விலை குறைந்த அலுமினியமே போதும். எதிர்மின்முனைக்கு வேண்டிய கடினக் கரியைத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தே எடுக்கலாம். சிரட்டைக்கரி சுடுவது காங்கேயம் பக்கம் நெடுநாளாக நடக்கும் தொழில்.

சிக்கல் வெப்பத்தில் இருக்கிறது. எதிர்மின்முனையின் மேல் படியும் மெல்லிய படலம்தான் மின்கலத்தின் காவல். சூடு ஏற ஏற அது தடித்து, பயன்பட வேண்டிய அயனிகளை விழுங்கிவிடுகிறது. சோடியத்தில் அந்தப் படலம் எளிதில் கரையவும் செய்கிறது. இந்த மாநாட்டில் வாசிக்கப்படவுள்ள கட்டுரைகளைப் பார்த்தேன். பெரும்பாலான சோதனைகள் 25 டிகிரியில் நடந்திருக்கின்றன. சித்திரை வெயிலில் கமுதியில் நிற்கும் தகரக் கொட்டகைக்குள் 25 டிகிரி ஏது?

அமர்வுத் தலைவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரிடமும், 45 டிகிரியில் ஆயிரம் முறை ஏற்றி இறக்கிய பின் உங்கள் மின்கலத்தில் எவ்வளவு கொள்திறன் மிஞ்சும் என்று கேளுங்கள். அளந்திருந்தால் எண்ணைச் சொல்லட்டும். இல்லையென்றால், எப்போது அளக்கப்போகிறார்கள் என்று சொல்லட்டும். இந்த வேண்டுகோளுடன் மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.