பியர்ச் சக்கையும் பசுவின் வயிறும்
(பிள்ளையார்பாளையம் நெசவாளர்களிடையே நிகழ்த்திய பிரசங்கம்)



தறி உள்ள வீட்டில் ஒரு பசுவும் கட்டியிருப்பது பிள்ளையார்பாளையத்தில் புதுமையன்று. ஒரு பாவை நெய்து அறுத்துக் கொடுத்து, மறு பாவு கைக்கு வரும் வரையில் கூலி என்பது கிடையாது. அந்த இடைநாட்களில் குழந்தைகளுக்குக் குடிக்கப் பாலும், மிஞ்சியதை விற்று உப்புக்கும் புளிக்கும் நாலு காசும் தருவது அந்தப் பசுவேயாகும். அது படுத்துவிட்டால் குடும்பத் தலைவர் முதலாளியிடம் முன்பணம் கேட்டு நிற்க வேண்டும். அந்த முன்பணம் பின்வரும் பாவுகளின் கூலியைத் தின்றுவிடும். ஆகவே பசுவின் தொட்டியில் என்ன விழுகிறது என்பது நெசவாளர் குடும்பத்தின் கணக்குப் புஸ்தகத்தைச் சேர்ந்த விஷயமாகும்.

பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விலை ஏறியிருப்பதால், பியர் தொழிற்சாலைகளினின்று லாரிகளில் வரும் தானியச் சக்கையை மாடு வளர்ப்போர் பல இடங்களில் வாங்கி இடுகிறார்கள். அது யாது, அதை எவ்வாறு உபயோகிப்பது என்பதை அறிந்து வாங்குவோர் சிலரே.

பார்லி என்னும் தானியத்தை நீரில் ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, ஒன்றிரண்டாக உடைத்து, வெந்நீரில் சிறிது நேரம் வைத்திருப்பார்கள். முளையிலுள்ள சக்தியினால் தானியத்தின் மாவு சர்க்கரையாக மாறி நீரில் இறங்கிவிடும். அந்தத் தித்திப்பு நீரை வடித்தெடுத்த பின்னரே அதில் ஈஸ்டு சேர்த்துப் புளிக்கவைத்துப் பியராக்குகிறார்கள். வடித்தபின் தங்கும் உமியும் தவிடும் கலந்த ஈரச் சக்கைதான் இங்கு வருவது. நூறு லிட்டர் பியருக்குச் சுமார் 20 கிலோ சக்கை மிஞ்சும். மேல்நாடுகளில் வீட்டிலேயே பியர் வடிப்போர் ஒரு தடவைக்கு நாலைந்து கிலோ தானியம் போடுவர்; சக்கையை ரொட்டி மாவிலும் கோழித் தீனியிலும் எருக்குழியிலும் சேர்ப்பர். அஸ்ஸாம் பக்கத்து மலைநாட்டு ஜனங்கள் அரிசியில் மது வடித்து, அதன் சக்கையைப் பன்றிகளுக்கு இடுவது பழைய வழக்கம். இந்த ராஜ்யத்திலோ 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்றும் அமுலில் உள்ளது. வீட்டில் வடிப்பது குற்றமாகும். ஆகையால் இங்கே பேச்சு சக்கையைப் பற்றியதே அன்றி, வடிப்பதைப் பற்றியதன்று.

ஆனால் இவ்வூருக்கு அது முற்றிலும் அந்நிய விஷயமுமன்று. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், அரிசியைக் கூழாகத் துழாவி, அகன்ற வாயுள்ள தட்டில் ஆற்றி, நல்ல அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்த மது வருணிக்கப்பட்டிருக்கிறது. பிழிந்த பின் சக்கை எங்கே போயிற்று என்று புலவர் கூறவில்லை. வாசலில் மாடு இருந்திருந்தால் ஊகிப்பது கடினமன்று.

கோயில் நகரமாதலால் ஒரு கேள்வி எழுவது இயற்கை. மதுச் சக்கை தின்ற பசுவின் பாலை அபிஷேகத்துக்குக் கொடுக்கலாமா? மேலே கூறியபடி, ஈஸ்டு சேரும் முன்பே சக்கை பிரிந்துவிடுகிறது. புதிதாக வந்த சக்கையில் மதுவின் சம்பந்தமே இல்லை. இரண்டு நாள் வெயிலில் கிடந்து புளித்து நாறினால், அது பழைய சோறு புளிப்பது போன்றதே. அப்படிப்பட்டதைப் பசுவுக்கு இடலாகாது என்பது சாஸ்திரத்துக்காக அல்ல, பசுவின் உயிருக்காக.

இனி, முக்கியமான விஷயம். பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் தெருவில் பாவை விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி பூசி, வெயில் ஏறுமுன் உலர்த்துவது வழக்கம். மிஞ்சிய கஞ்சி சாக்கடைக்குப் போகும் அல்லது மாட்டுத் தொட்டிக்குப் போகும். விசேஷ நாட்களில் பொங்கலும், கல்யாண வீட்டுச் சோறும் அதே தொட்டிக்கு வரும். "மாடு ஆசையாய்த் தின்கிறது" என்று வீட்டார் மகிழ்வார்கள். இதில்தான் ஆபத்து இருக்கிறது. வைக்கோலையும் புல்லையும் மெல்ல மெல்லச் செரிக்கவே பசுவின் பெருவயிறு அமைந்திருக்கிறது. சோறும் கஞ்சியும் திடீரென்று மிகுதியாகச் சென்றால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றை வெகு வேகமாய்ப் புளிக்கவைத்து அமிலமாக்கிவிடும். பசு அசைபோடுவதை நிறுத்தும், வயிறு உப்பும், சாணம் இளகிப் புளிப்பு நாற்றம் வீசும், தள்ளாடிப் படுத்துவிடும். கவனியாமல் விட்டால் ஒன்றிரண்டு நாளில் இறந்துவிடும். கண் திருஷ்டி என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போடுவதில் போகும் பொழுது, மாட்டு வைத்தியரை அழைத்துவரப் போதுமானது. சமையல் சோடாவைக் கரைத்துக் கொடுப்பது இதற்குப் பரிகாரமேயாயினும், அளவை வைத்தியர் சொல்ல வேண்டும்.

பியர்ச் சக்கையின் குணம் இதற்கு நேர் எதிரானது. அதன் மாவு பெரும்பாலும் நீரோடு போய்விட்டது. உலர்த்தி நிறுத்தால் நூற்றில் இருபது பங்குக்கு மேல் புரதமும், மற்றது பெரும்பாலும் நாருமாகும். அரிசியில் புரதம் ஏழெட்டுப் பங்குதான். ஆகவே கஞ்சி செய்யும் கேட்டைச் சக்கை எளிதில் செய்யாது, பாலுக்கும் உதவும். ஆனால் அதில் சுண்ணச் சத்து குறைவு. தாது உப்புக் கலவை சேர்க்க வேண்டும். வைக்கோலுக்குப் பதிலாக அதையே இடுவதும் கூடாது. முதல் வாரம் ஒரு கிலோவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, சாதாரணப் பசுவுக்கு நாளைக்கு ஐந்து கிலோவில் நிறுத்திக்கொள்வது உசிதம்.

விலை பேசும்போது ஒன்றை மறக்கலாகாது. லாரியில் வரும் ஈரச் சக்கையில் நூற்றுக்கு எழுபத்தைந்து முதல் எண்பது பங்கு வரையில் வெறும் நீர். நூறு கிலோவுக்குப் பணம் கொடுத்தவர் வாங்கியது உண்மையில் இருபது, இருபத்தைந்து கிலோ தீனியே. புண்ணாக்கு விலையோடு ஒப்பிடுபவர் இந்தக் கணக்கைப் போட்டே ஒப்பிட வேண்டும். போடாதவர் தண்ணீருக்கு வண்டிச் சத்தம் கொடுத்தவராவார்.

மேலும் இந்த நீரே சக்கையின் சத்துருவாகும். காஞ்சிபுரத்துக் கோடையில் இரண்டு நாளைக்கு மேல் அது தாங்காது. பச்சையும் கறுப்புமாய்ப் பூசணம் பிடித்த சக்கையிலுள்ள நஞ்சு பாலிலும் இறங்கும். அதைக் குடிப்பது குழந்தைகள். மேலே பூத்ததை வழித்து எறிந்துவிட்டு அடியில் உள்ளதை இடலாம் என்று எண்ணுவது தவறு. முழுவதும் எருக்குழிக்கே போக வேண்டும், காய்ந்த சருகோடு கலந்து போட்டால் நல்ல எருவாகும். நல்ல நிலையிலுள்ளதைக் காற்றுப் புகாமல் பீப்பாயில் அழுத்தி மூடிவைத்தாலும், மெல்லிய படலமாய்ப் பரப்பி ஒரே நாளில் சுக்காய் உலர்த்தினாலும் சில காலம் இருக்கும். சிப்பிக் காளான் வளர்க்கும் வைக்கோலில் சிறிது சேர்ப்பதும் உண்டு. தோசை, அடைக்கு அரைத்துச் சேர்க்கலாமே என்று சிலர் கேட்பர். சுத்தமான பாத்திரத்தில் வடித்த சக்கையானால் ஆகலாம். திறந்த லாரியில் வந்ததை மனிதர் உண்பது கூடாது.

ஒரு பசு உள்ள வீட்டுக்கு ஒரு லாரிச் சக்கை எதற்கு? தரகர் மூட்டை மூட்டையாய் விற்கும்போது அது ஏற்கனவே ஒரு நாள் பழையது. இங்குதான் கூட்டுறவுக்கு வேலை இருக்கிறது. 1904ஆம் வருஷத்தில் கூட்டுறவுச் சட்டம் பிறந்த உடனே, அக்டோபர் மாதத்தில், தேசத்திலேயே முதலாவதாக நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது இந்தக் காஞ்சிபுரத்தில்தான். பட்டுக்கும் ஜரிகைக்கும் சங்கம் கண்ட ஊருக்கு மாட்டுத் தீனிக்கு ஒன்றுகூடுவது பெரிய காரியமன்று. நாற்பது ஐம்பது வீட்டார் சேர்ந்து, தொழிற்சாலையோடு நேரே பேசி, வடித்த தினத்திலேயே ஏற்றிவரச் செய்து, இறக்கியவுடன் நிறுத்துப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முகர்ந்து பார்த்து, புளிப்பு வீசினால் திருப்பியனுப்பும் அதிகாரம் இரண்டு பெண்மணிகளிடம் இருக்கட்டும். தொட்டியில் தீனி கரைப்பவர்கள் அவர்களே.

லாரி காலையில் வருதல் ஆகாது. தெரு முழுவதும் பாவு கட்டியிருக்கும். மாலையில் வெயில் தாழ்ந்தபின் வரச்செய்து, விளக்கு வைப்பதற்குள் பங்கிட்டு முடித்துக்கொள்வதே சௌகரியம்.