முதல் சுற்றிலேயே மூன்று மருந்து

எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்கள் கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுநோய்தான் மல்டிபிள் மைலோமா. தீராத முதுகுவலி, ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு என்று தலைகாட்டும். முதியவர்கள் பலருக்கு ஸ்டெம்செல் மாற்று சிகிச்சை ஒத்துவராது. அவர்களுக்கு இரண்டு மருந்தே போதும், வீரியமானதைப் பிறகு பார்க்கலாம் என்பது கருணை போலத்தான் தோன்றும். ‘மாயா’ என்ற பன்னாட்டு ஆய்வு அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. அதில் 737 நோயாளிகள். சரிபாதிப் பேர் 73 வயதை எட்டியவர்கள். லெனலிடோமைடு, டெக்ஸாமெத்தசோன் இரண்டோடு டாராடுமுமாப் என்ற ஊசியும் பெற்றவர்களில், ஐந்தாண்டு முடிவில் 66 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். இரண்டு மட்டும் பெற்றவர்களில் 53 சதவீதம்.

வயதான உடம்பு தாங்குமா என்று கேட்பது நியாயமே. கடுமையான நிமோனியா 8 சதவீதத்திலிருந்து 14 ஆக உயர்ந்தது. இதைச் சின்ன விஷயமென்று தள்ளிவிட முடியாது. அதற்காக நல்ல மருந்தை அடுத்த சுற்றுக்கு ஒதுக்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதியவர்களில் பலர் அந்த அடுத்த சுற்றுவரை வருவதே இல்லை. குறைக்க வேண்டுமானால் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் குறைக்கலாம். பிரான்சில் மிகவும் தளர்ந்த முதியோரிடம் அப்படித்தான் செய்து பார்த்தார்கள்: டாராடுமுமாப், லெனலிடோமைடு தொடர, டெக்ஸாமெத்தசோனை மட்டும் இரண்டு சுழற்சியோடு நிறுத்தினார்கள். அப்போதும் டாராடுமுமாப் பெறாதவர்களைவிட நோய் கூடுதல் காலம் அடங்கியே இருந்தது. இனி பேச வேண்டியது ஊசியின் விலையைப் பற்றித்தான்.