பெர்னார்ட் என்னும் பெயர்



இன்று ஒரு பெயரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பெர்னார்ட் என்பது அந்தப் பெயர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர், சீனர், யுரேஷியர் என்ற வேறுபாடு இல்லாமல் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஆண் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள். சபா மாநிலத்தில் 1998, 1999ஆம் ஆண்டுகளில் முதலமைச்சராக இருந்தவரின் பெயரும் பெர்னார்ட் டொம்போக் என்பதே.

ஆனால் பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயருடைய சிறுவனுக்கு ஒரு தொல்லை வரக்கூடும். 'செயின்ட் பெர்னார்ட்' என்று ஒரு பெரிய நாய் இனம் இருக்கிறது அல்லவா? அதைப் படத்தில் பார்த்த பிள்ளைகள், "உனக்கு நாயின் பெயரை வைத்திருக்கிறார்களே!" என்று சிரிப்பார்கள். நம் பேச்சு வழக்கில் நாய் என்பது ஒரு வசைச் சொல். ஆகையால் அந்தக் கேலி சிறு பிள்ளையின் மனத்தில் நன்றாகவே தைத்துவிடும். "எனக்கு ஏன் இந்தப் பெயரை வைத்தீர்கள்?" என்று அவன் வீட்டில் வந்து கேட்டால், பெற்றோர் என்ன விடை சொல்வது?

முதலில் பெயரின் பொருளைப் பார்ப்போம். பெர்னார்ட் என்பது பழைய ஜெர்மானிய மொழியிலிருந்து வந்த சொல். அதில் இரண்டு பகுதிகள் உள்ளன. முன்பகுதி கரடியைக் குறிக்கும். பின்பகுதி உறுதி, துணிவு என்று பொருள்படும். கரடியைப் போன்ற துணிவுடையவன் என்பது மொத்தப் பொருள். கரடியா என்று நகைக்க வேண்டாம். ஒரு துறையில் கரைகண்டவரை நாமும் 'ஜாம்பவான்' என்று போற்றுகிறோமே! அந்த ஜாம்பவான் யார்? இராமாயணத்தில் வரும் கரடி அரசன்தானே! நமக்கு அவன் அறிவிலும் அனுபவத்திலும் மூத்தவன். ஜெர்மானியர் கரடியிடம் கண்டது துணிவு.

இந்தப் பெயரை உலகெங்கும் பரப்பியவர்கள் புனிதர்கள். பிரான்சு நாட்டில் 1090 முதல் 1153 வரை வாழ்ந்த கிளேர்வோ பெர்னார்ட் அவர்களுள் பெரும்புகழ் பெற்றவர். ஆனால் நாயின் கதைக்கு உரியவர் வேறொருவர். அவர் 11ஆம் நூற்றாண்டில், இன்று இத்தாலியில் உள்ள ஆவோஸ்தா நகரில் திருச்சபைப் பணி புரிந்த பெர்னார்ட்.

ஆவோஸ்தாவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே ஆல்ப்ஸ் மலைத்தொடரில் ஒரு கணவாய் உண்டு. அதன் உயரம் 2,469 மீட்டர். பனிப்புயலிலும் பனிச்சரிவிலும் வழிப்போக்கர்கள் அங்கே மடிந்தார்கள். கள்வர் பயமும் இருந்தது. இதைக் கண்ட பெர்னார்ட், ஏறக்குறைய 1050ஆம் ஆண்டில் கணவாயின் உச்சியில் ஓர் அறச்சாலையை நிறுவினார். யார் வந்து கதவைத் தட்டினாலும் உணவும் படுக்கையும் கிடைக்கும். உரோமர் காலத்தில் யூப்பித்தர் என்னும் தெய்வத்தின் பெயரால் வழங்கிய அந்த மலை, பின்னாளில் பெர்னார்டின் பெயரைப் பெற்றது.

நாய்கள் எப்போது வந்தன? 17ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. அதாவது, பெர்னார்ட் மறைந்து ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு! அவர் அந்த நாய்களைப் பார்த்ததே இல்லை. முதலில் காவலுக்கென்று வளர்க்கப்பட்ட அவை, பனியில் புதைந்தவர்களை மோப்பத்தால் கண்டுபிடிக்கும் திறமை உடையவை என்பதைத் துறவிகள் உணர்ந்தார்கள். வழி மறைந்துபோன இடத்தில் வழி காட்டவும் அவை உதவின.

அவற்றுள் பெயர் பெற்றது 1800ஆம் ஆண்டில் பிறந்த பாரி என்ற நாய். அது நாற்பது உயிர்களைக் காப்பாற்றியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நாற்பத்தோராவது மனிதன் அதை ஓநாய் என்று எண்ணிக் கொன்றுவிட்டான் என்று ஒரு கதையும் உண்டு. அது வெறும் கதை. பாரி 1812இல் பெர்ன் நகருக்கு ஓய்வுக்காகக் கொண்டு செல்லப்பட்டு, 1814இல் அங்கே இறந்தது. அதன் பாடம் செய்யப்பட்ட உடல் இன்றும் அந்நகரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கழுத்தில் சிறு மதுப்பீப்பாய் தொங்கும் என்பதும் கற்பனையே. அதைப் பரப்பியது லாண்ட்சீர் என்னும் ஆங்கில ஓவியர் 1820இல் தீட்டிய ஒரு படம்.

1964இல் மலைக்கு அடியில் சுரங்கச் சாலை திறக்கப்பட்டது. மீட்புப் பணிக்கு ஹெலிகாப்டர்களும் வந்துவிட்டன. ஆயினும் அந்த நாய்களின் வழித்தோன்றல்கள் சுவிட்சர்லாந்தில் பேணி வளர்க்கப்படுகின்றன.

இப்போது நம் இலக்கணத்துக்கு வருவோம். "எங்கள் வீட்டில் ஒரு ராஜபாளையம் வளர்க்கிறோம்" என்று ஒருவர் சொன்னால், ஊரையா வளர்க்கிறார்? அந்த ஊருக்குரிய நாயை வளர்க்கிறார். ஓர் இடத்தின் பெயர் அங்குள்ள பொருளுக்கு ஆகி வருவதை இடவாகுபெயர் என்கிறோம். செயின்ட் பெர்னார்ட் என்பதும் அப்படித்தான். மனிதரின் பெயர் மலைக்குப் போயிற்று. மலையின் பெயர் நாய்க்கு வந்தது. ஆகவே நாயின் பெயரை மனிதன் வாங்கவில்லை. மனிதனின் பெயர்தான் மலை வழியாக நாய்க்குச் சென்றது.

வழக்கிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். மனிதருக்குப் பெர்னார்ட் என்று மட்டும் பெயரிடுவோம். நாய் இனத்தைக் குறிக்கும்போது 'செயின்ட்' என்னும் அடைமொழியையும் சேர்த்தே சொல்வது முறை. 'செயின்ட்' என்றால் புனிதர். ஜெர்மானியர் பெர்ன்ஹார்ட் என்பர்; இத்தாலியர் பெர்னார்தோ என்பர்; பிரெஞ்சுக்காரர் இறுதி ஒலியை விட்டுப் பெர்னார் என்பர். நம் பெண்மக்கள் சிலருக்கு இடப்படும் பெர்னதெத் என்பது இதன் பெண்பால் வடிவம்.

பெற்றோரே, உங்கள் மகன் அழுதுகொண்டு வந்தால், "அவர்கள் சொல்வதைக் காதில் வாங்காதே" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். இந்த வரலாற்றை அவனுக்குச் சொல்லுங்கள். பனியில் விழுந்தவனுக்குக் கதவைத் திறந்த மனிதரின் பெயர் அது என்று சொல்லுங்கள். ஆசிரியர்களே, நீங்கள் இதை வகுப்பு முழுவதற்கும் சொல்லுங்கள். ஏனெனில், கேலி செய்யும் பிள்ளைக்கும் பெயரின் பொருள் தெரியாது. கேலிக்கு ஆளான பிள்ளைக்கும் தெரியாது. இருவரும் அறிந்துகொண்டால் அந்தச் சிரிப்பு தானே அடங்கிவிடும்.