புகாரை வாங்காதவருக்கு என்ன தண்டனை?



பத்திரிகையாளரைத் தாக்குவோருக்குத் தண்டனையைக் கூட்ட வேண்டும் என்கிறார்கள். கூட்டட்டும். மகாராஷ்டிரம் 2017-இலேயே மூன்றாண்டு வரை சிறை என்று சட்டம் இயற்றியது. சத்தீஸ்கர் சட்டமன்றமும் 2023-இல் ஒரு பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே சத்தீஸ்கரின் பிஜாப்பூரில், சாலைப் பணி முறைகேட்டை வெளியே கொண்டுவந்த முகேஷ் சந்திராகரின் உடல் 2025 ஜனவரியில் ஒரு கழிவுநீர்த் தொட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. கொலைக்குத் தூக்கு வரை தண்டனை ஏற்கெனவே இருக்கிறது. அது அவரைக் காப்பாற்றவில்லை.

ஏன் என்று நமக்குத் தெரியும். 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோடு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மல்லுக்கட்டுகிறோம். அதில் தண்டனைக்குக் குறைவில்லை. காவல் நிலையத்தில் புகாரை வாங்கத்தான் ஆளில்லை. வாங்கினாலும் பிரிவை மாற்றுவார்கள், எதிர்ப்புகார் போடுவார்கள், சமரசம் பேசுவார்கள்.

ஆனால் அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் பாருங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாத அரசு ஊழியர் கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழித்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. முதல் தகவல் அறிக்கை பதிவதும் அந்தக் கடமைகளில் ஒன்று என்று 2015 திருத்தம் வெளிப்படையாகச் சொல்கிறது. இதையும் நாம் போராடித்தான் அமல்படுத்த வைக்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும் பத்திரிகையாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நாம் கேட்க வேண்டியது இப்படியொரு பிரிவைத்தான்.

அடித்தவனுக்கு மட்டுமல்ல, வேடிக்கை பார்த்த அதிகாரிக்கும் தண்டனை வேண்டும். தேர் நுழையாத தெருவில் அடி விழும்போது அதை முதலில் கைப்பேசியில் பதிவது, அடையாள அட்டை இல்லாத நம் தம்பி தங்கைகள்தான். அவர்களையும் பத்திரிகையாளர் என்று ஏற்காத சட்டம் நமக்கான சட்டமல்ல.

ஜெய்பீம்!